மால்டாவில் ஸ்கூபா டைவிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டைவிங்குக்காக மட்டும் நான்கு முறை மால்டா போய் வந்திருக்கிறேன். திரும்பி வந்த ஒவ்வொரு முறையும் யாராவது போன் செய்து கேட்பார்கள்: எந்த மாதம் நல்லது, எங்கே இறங்கலாம், மீன் இருக்குமா, நீச்சல் தெரியாதவர்களும் வரலாமா. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

இடம் தெரியாதவர்களுக்கு: மால்டா, இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே சுமார் 90 கிலோமீட்டரில், மத்திய தரைக்கடலின் நடுவே இருக்கும் நாடு. மால்டா, கோசோ, கொமினோ என்று மூன்று முக்கியமான தீவுகள். எல்லாம் சேர்ந்து 316 சதுர கிலோமீட்டர்தான், சென்னை மாநகராட்சியைவிடச் சிறியது.

பவளப்பாறையே இல்லையாமே, அப்புறம் எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும்?

தண்ணீருக்காகத்தான். நல்ல நாளில் 30 மீட்டர் தூரம் வரை கண்ணுக்குத் தெரியும். மேலே படகில் இருப்பவர் கையசைப்பதை 20 மீட்டர் ஆழத்திலிருந்து பார்க்கலாம். நம் ஊர்ப் பக்கம் கலங்கலான தண்ணீரில் பழகியவர்களுக்கு முதல் டைவில் ஆழமே பிடிபடாது. பத்து மீட்டர்தான் இருக்கும் என்று நினைத்து, ஆழம் காட்டும் டைவ் கம்ப்யூட்டரைப் பார்த்தால் பதினெட்டு காட்டும். அதனால் மால்டாவில் கண்ணை நம்பாதீர்கள், கையில் கட்டியிருக்கும் கம்ப்யூட்டரை நம்புங்கள்.

இவ்வளவு தெளிவுக்குக் காரணம் இருக்கிறது. மால்டாவில் ஆறுகள் கிடையாது, அதனால் மண்ணும் வண்டலும் கடலுக்கு வருவதில்லை. தீவுகள் முழுக்கச் சுண்ணாம்புக்கல். மத்திய தரைக்கடலே சத்துக் குறைந்த கடல். ஜிப்ரால்டர் நீரிணை வழியாக அட்லாண்டிக்கின் மேல்மட்டத் தண்ணீர் உள்ளே வருகிறது, அதில் ஊட்டம் குறைவு. ஊட்டமுள்ள ஆழத்துத் தண்ணீர் அடிவழியாக வெளியே போய்விடுகிறது. எனவே மிதக்கும் நுண்ணுயிர்கள் குறைவு, தண்ணீர் கண்ணாடி போல இருக்கிறது. மீன் குறைவாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

அந்தமானையோ மாலத்தீவையோ மனதில் வைத்துக்கொண்டு மால்டாவுக்குப் போனால் ஏமாற்றம்தான். பாறை, குகை, வெளிச்சம், மூழ்கிய கப்பல் இவற்றைப் பார்க்கப் போகிறோம் என்று போனால் மனம் நிறையும்.

சரி, மீனே இருக்காதா?

இருக்கும். கூட்டமாகக் கறுப்பு நிற டாம்செல் மீன்கள், கிளிமீன், களவா, பாறை இடுக்கில் தலை நீட்டும் மோரே விலாங்கு, தேள்மீன், கணவாய். இலையுதிர் காலத்தில் மால்டாத் தீவின் வடமேற்கு மூலையான சிர்கெவ்வா பக்கம் பாரகுடாக் கூட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். ஆக்டோபஸ் பார்க்காமல் ஒரு வாரம் கழிப்பதுதான் கடினம். சுறா, திமிங்கலச் சுறா, மாண்டா திருக்கை என்ற எதிர்பார்ப்போடு மட்டும் வராதீர்கள்.

பெரிய மீனைத் தேடும் பழக்கத்தைக் கொஞ்சம் விட்டுவிட்டு ஒரு சதுர அடிப் பாறையை ஐந்து நிமிடம் பாருங்கள். நகத்தளவு நுடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை), இறாலின் மீசை, பாறை நிறத்திலேயே படிந்து கிடக்கும் தேள்மீன் எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும்.

எந்த மாதம் போகலாம்?

என்னைக் கேட்டால் செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். ஆகஸ்டில் தண்ணீர் 26 டிகிரிக்கு மேல் ஏறும், அந்தச் சூடு அக்டோபர் வரை பெரிதாக இறங்காது. கூட்டமோ குறைந்துவிடும். பிப்ரவரி, மார்ச்சில் 15 டிகிரி. பழகியவர்கள் குளிர்காலத்திலும் இறங்குகிறார்கள், தண்ணீரும் அப்போது இன்னும் தெளிவாக இருக்கும். ஆனால் 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள வெட்சூட்டிலேயே (ரப்பர் டைவிங் உடை) பழகிய நமக்கு அது சரிப்படாது. கோடையில் 5 மில்லிமீட்டர் போதும், குளிர்காலத்தில் 7 மில்லிமீட்டராவது வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் வாட்டி எடுக்கும். கல் கொதிக்கும் கரையில் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு நடப்பது அலுப்பான வேலை.

ஒரு வாரம் போகிறேன். எந்தெந்த இடம் என்று பட்டியல் தருவீர்களா?

தர மாட்டேன். முதல் முறை நானும் பட்டியலோடுதான் போனேன். திங்கள் இந்த இடம், செவ்வாய் அந்த இடம் என்று தாளில் எழுதி வைத்திருந்தேன். ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டு நாள் வடமேற்குக் காற்று அடித்தது. நான் போக நினைத்த கரையெல்லாம் அலை. தீவின் மறுபக்கத்தில் கடல் குளம் போல இருந்தது எனக்கு அப்போது தெரியாது. அறையில் உட்கார்ந்து இரண்டு நாளையும் வீணாக்கினேன்.

மால்டாவில் எங்கே இறங்குவது என்பதைக் காற்றுதான் முடிவு செய்கிறது. பெரும்பாலான டைவ்கள் கரையிலிருந்தே இறங்குபவை. எந்தக் கரையில் அலை இல்லையோ அங்கே போக வேண்டும். நாடு சின்னது, மறுபக்கம் போக அரை மணி, முக்கால் மணி காரில் போதும்.

நாம் காற்றை வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று திசைக்கொரு பெயரிட்டு வைத்திருப்பது போல அவர்களும் எட்டுத் திசைக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். வடமேற்கிலிருந்து வருவது மஜ்ஜிஸ்த்ரால், அதிகம் அடிப்பது இதுதான். இது வந்தால் தெற்குக் கரைக்குப் போங்கள்: வீட் இஸ்-ஸுர்ரீ, ஆர் லாப்சி, கோசோவில் என்றால் ஷாட் லாஹ்மார். தென்கிழக்கிலிருந்து வருவது ஷ்லோக், ஈரமும் வெக்கையுமான காற்று. அன்றைக்கு வடமேற்கு மூலையிலுள்ள சிர்கெவ்வாவும் கோசோவின் வடக்குக் கரையும் நன்றாக இருக்கும். வடகிழக்கிலிருந்து வருவது கிரிகால், குளிர்காலத்தில் பொல்லாதது. அப்போஸ்தலர் பவுல் வந்த கப்பல் உடைந்ததாகத் தமிழ் வேதாகமம் சொல்லும் மெலித்தா தீவு இந்த மால்டாதான் என்பது மரபு. அந்தக் கப்பலை அலைக்கழித்த காற்றும் வடகிழக்குக் காற்று என்றே கருதுகிறார்கள்.

உள்ளூர் டைவ் மாஸ்டரிடம் முந்தின நாள் மாலையில் "நாளைக்குக் காற்று எப்படி?" என்று கேளுங்கள். அவர் எந்த இடம் சொல்கிறாரோ அதற்குச் சரி என்று சொல்லிவிடுங்கள்.

கோசோவின் அந்தப் பெரிய கல் வளைவு இடிந்துவிட்டதே, ப்ளூ ஹோல் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. 2017 மார்ச் 8 அன்று காலை, புயலில், அஸூர் விண்டோ என்ற அந்த வளைவு மொத்தமாகக் கடலில் விழுந்தது. படங்களில் பார்த்தவர்கள் இனி அது நின்ற ட்வெய்ரா கரைக்குப் போய்ப் பயனில்லை என்று நினைக்கிறார்கள். தவறு. ப்ளூ ஹோல் அதற்குப் பக்கத்தில், பாறைக்குள் இருக்கும் தனிக் குழி. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

வண்டி நிற்கும் இடத்திலிருந்து கரடுமுரடான பாறையில் முழுச் சாமான்களோடு இறங்கி நடக்க வேண்டும். கெட்டியான அடிப்பாகமுள்ள பூட்ஸ் இல்லாமல் போகாதீர்கள், ரப்பர் காலுறை ஒரே நாளில் கிழிந்துவிடும். குழியின் ஓரத்தில் உட்கார்ந்து ஃபின் மாட்டி, தண்ணீரில் சரிந்து இறங்கினால், சுற்றிலும் பாறைச் சுவர், மேலே வட்டமாக வானம். ஏழெட்டு மீட்டர் இறங்கியதும் ஒரு பக்கம் சுவரே இல்லை. அங்கே பெரிய வளைவு ஒன்று திறந்த கடலை நோக்கி இருக்கிறது.

வளைவைக் கடந்து பத்துப் பன்னிரண்டு மீட்டர் வெளியே போய், நின்று, திரும்பிப் பாருங்கள். இதைச் செய்யாமல் நேராக நீந்திப் போய்விடுகிறவர்கள் நிறைய. திரும்பிப் பார்த்தால் கறுப்புப் பாறையின் நடுவே நீலமாக ஒரு வாசல், அதன் உள்ளே மேலிருந்து வெயில் தூண் தூணாக இறங்கிக்கொண்டிருக்கும். உங்களுக்குப் பின்னால் வருகிறவர் அந்த வெயிலைக் கடக்கும்போது அவருடைய காற்றுக்குமிழ்கள் பளிச்சென்று மின்னி, கூரையில் போய் ஒட்டிக்கொண்டு, பாதரசம் போல நகரும். அந்தக் கூரையில், வெயில் படாத நிழலில், ஆரஞ்சு நிறத்தில் பொட்டுப் பொட்டாகப் பவள உயிரிகள். பாறை கட்டாத வகைப் பவளம் இது, கையகலம்கூட வளராது. டார்ச் அடித்தால்தான் நிறம் தெரியும், எனவே பகலிலும் டார்ச் எடுத்துப் போங்கள்.

இடிந்து விழுந்த வளைவின் கற்களும் பக்கத்திலேயே கிடக்கின்றன. வீடு அளவுக்குப் பெரிய பாளங்கள். விழுந்த புதிதில் வெள்ளை வெளேரென்று இருந்தவற்றின் மேல் இப்போது பாசி படர்ந்து, இடுக்குகளில் மீன் குடியேறிவிட்டது.

அதே ட்வெய்ராவில் உள்கடல் என்று ஒரு சின்ன ஏரி இருக்கிறது. அங்கிருந்து மலையைக் குடைந்தது போல 80 மீட்டர் நீளச் சுரங்கம் வழியாக வெளிக்கடலுக்குப் போகலாம். சுற்றுலாப் படகுகளும் அதே வழியில்தான் போய் வருகின்றன. சுரங்கத்துக்குள் எந்தக் காரணத்துக்காகவும் மேலே வராதீர்கள். அடியோடும் சுவரோடும் ஒட்டியே போய் வாருங்கள்.

மூழ்கிய கப்பல்களில் எதைப் பார்க்கலாம்?

இதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கப்பல்களைப் பார்க்காமல் மால்டாவைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

உம் எல் ஃபரூத் என்ற லிபிய எண்ணெய்க் கப்பல்தான் எல்லாரும் முதலில் கேட்பது. நீளம் 110 மீட்டர். வீட் இஸ்-ஸுர்ரீ கரைக்கு வெளியே 36 மீட்டர் ஆழத்தில், மணலில் நிற்கிறது. 1995 பிப்ரவரியில் மால்டாவின் கப்பல் பழுதுபார்க்கும் துறையில் இருந்தபோது அதன் தொட்டியில் வாயு வெடித்து, வேலை செய்துகொண்டிருந்த ஒன்பது தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். அதன் பிறகு கப்பலைச் சரிசெய்து பயனில்லை என்று முடிவாகி, சுத்தம் செய்து, 1998 செப்டம்பரில் டைவர்களுக்காக மூழ்கடித்தார்கள். பிற்பாடு ஒரு குளிர்காலப் புயல் அதை இரண்டாக உடைத்துப் போட்டது. அவ்வளவு பெரிய இரும்பை அந்த ஆழத்தில் உடைக்கும் கடல் எப்படிப்பட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பின்பக்கம் போங்கள். மணலிலிருந்து அண்ணாந்து பார்த்தால், தலைக்கு மேல் நாலைந்து மாடிக் கட்டடம் போலக் கப்பலின் பின்புறம் எழுந்து நிற்கும். அந்தக் காட்சிக்காகவே, இரண்டாம் நிலையான அட்வான்ஸ்டு கோர்ஸோடு, 30 மீட்டருக்குக் கீழே இறங்குவதற்கான டீப் டைவர் பயிற்சியும் முடித்துவிட்டு வரலாம். அந்த ஆழத்தில் நேரம் சீக்கிரம் தீர்ந்துவிடும், காற்றும் வேகமாகக் குறையும். திரும்பி நீந்தி வரவும் காற்று வேண்டும், கரை சற்றுத் தள்ளித்தான் இருக்கிறது. ஓப்பன் வாட்டர் என்ற முதல் நிலைச் சான்றிதழ் மட்டும் முடித்தவர்கள் தயவுசெய்து இதற்கு ஆசைப்பட வேண்டாம்.

அவர்களுக்குத் தலைநகர் வலெட்டாவில் மவோரி இருக்கிறது. இது பிரிட்டிஷ் போர்க்கப்பல், ஒரு டிஸ்ட்ராயர். 1941 மே மாதம் ஜெர்மனியின் பிஸ்மார்க் கப்பலைத் துரத்திய கூட்டத்தில் இருந்தது, பிஸ்மார்க் மூழ்கியபோது தப்பிய சிலரைத் தூக்கிக் காப்பாற்றிய கப்பல்களில் இதுவும் ஒன்று. 1942 பிப்ரவரி 12 அன்று வலெட்டாத் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தபோது குண்டு விழுந்து மூழ்கியது. பிறகு முன்பகுதியை மட்டும் நகர்த்தி, செயின்ட் எல்மோ கோட்டைக்குக் கீழே விரிகுடாவில் விட்டார்கள். ஆழம் அதிகபட்சம் 15 மீட்டரை ஒட்டித்தான். முதல் கப்பல் டைவுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது.

பார்க்கப் பெரிய கப்பல் போலத் தெரியாது, பாதி மணலில் புதைந்திருக்கிறது. ஆனால் அவசரப்படாதீர்கள். ஒரு முறை துருப்பிடித்த குழாய் ஒன்றின் வாயில் சின்னச் சின்னக் கற்களும் சிப்பி ஓடுகளும் அடுக்கி வைத்தது போல இருப்பதைப் பார்த்து டார்ச்சைத் திருப்பினேன். கற்களுக்குப் பின்னால் ஒரு கண். ஆக்டோபஸ் ஒன்று குழாய்க்குள் புகுந்து, வாசலைக் கல்லால் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் அசையாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கை மெதுவாக வெளியே வந்து, சற்றுத் தள்ளிக் கிடந்த கல் ஒன்றையும் பற்றி உள்ளே இழுத்துக்கொண்டது.

இவை தவிர, சிர்கெவ்வாவில் ரோசி என்ற இழுவைப் படகும் (1992இல் மூழ்கடித்தது) பி29 என்ற ரோந்துக் கப்பலும் (2007) இருக்கின்றன, இரண்டும் 35 மீட்டரை ஒட்டிய ஆழத்தில். கொமினோ அருகே பி31 (2009) ஆழம் குறைவு, 20 மீட்டருக்குள். பி29, பி31 இரண்டும் முதலில் கிழக்கு ஜெர்மனிக் கடற்படையில் கண்ணிவெடி அகற்றும் கப்பல்களாக இருந்தவை.

மனிதர்கள் இறந்த கப்பலில் போய் வேடிக்கை பார்ப்பது சரியா?

இந்தக் கேள்வியை என் அம்மா கேட்டார். ஃபரூத்தில் இறந்த ஒன்பது பேரின் குடும்பங்கள் அந்தத் தீவிலேயே இருக்கின்றன, அது நடந்து அதிக காலமும் ஆகவில்லை. கப்பல் கடலுக்குப் போகும் முன்பே அவர்கள் இறந்துவிட்டார்கள், அங்கே உடல்கள் இல்லை. ஆனாலும் அது அவர்கள் கடைசியாக வேலை செய்த இடம். நான் இறங்கும் முன் கூட வருகிறவர்களிடம் அந்தச் செய்தியைச் சொல்லிவிடுவேன். தெரிந்துகொண்டு இறங்குகிறவர்கள் அங்கே கூச்சல் போட மாட்டார்கள், கப்பலில் பெயர் கிறுக்க மாட்டார்கள்.

போரில் ஆட்களோடு மூழ்கிய கப்பல்கள் வேறு. 1942இல் கண்ணிவெடியில் சிக்கி, 80க்கும் மேற்பட்டவர்களோடு போன ஒலிம்பஸ் நீர்மூழ்கி 115 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அது கல்லறை. அத்தகைய ஆழத்துச் சிதைவுகளை ஹெரிடேஜ் மால்டா என்ற அரசு அமைப்பு பொறுப்பில் வைத்திருக்கிறது. முன்அனுமதியோடு, அதற்கான பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே போகலாம்.

எந்தச் சிதைவிலிருந்தும், ஒரு பானை ஓடாக இருந்தாலும், எடுத்து வருவது சட்டப்படி குற்றம்.

நீச்சல் தெரியாது. வரலாமா?

பயிற்சியாளர் கூடவே பிடித்துக்கொண்டு, ஆழமில்லாத இடத்தில் இறக்கும் அறிமுக டைவ் செய்யலாம். ஓப்பன் வாட்டர் சான்றிதழ் வேண்டுமென்றால் 200 மீட்டர் நீந்தவும், பத்து நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். ஊரிலேயே மூன்று மாதம் நீச்சல் கற்றுக்கொண்டு வாருங்கள், அந்தப் பணமும் நேரமும் வீண் போகாது.

மால்டாவில் தங்குவதா, கோசோவில் தங்குவதா?

டைவிங் மட்டும்தான் நோக்கம் என்றால் கோசோ. ஊர் அமைதி, வாடகை குறைவு, ட்வெய்ராவும் ஷ்லெண்டி விரிகுடாவும் பக்கம். குடும்பத்தோடு வருகிறீர்கள், டைவ் செய்யாதவர்களுக்கும் பொழுது போக வேண்டும் என்றால் மால்டா. சிர்கெவ்வாவிலிருந்து கோசோவின் இம்ஜார் துறைக்குப் படகில் 25 நிமிடம், காரையும் ஏற்றிக்கொள்ளலாம். நம்மைப் போலவே இடப்பக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்கள். ஆங்கிலம் ஆட்சிமொழிகளில் ஒன்று, பேச்சுக்குச் சிரமமில்லை.

கீழே இறங்க இடுப்பில் கட்டும் வெயிட் எவ்வளவு போட வேண்டும்?

வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக. மத்திய தரைக்கடல் நம் கடலைவிட உப்பு, ஒரு கிலோ தண்ணீரில் ஏறக்குறைய 38 கிராம். ஆனால் உப்பால் கூடும் மிதப்பு சின்னதுதான், தடித்த வெட்சூட்தான் உங்களை அதிகம் மேலே தள்ளும். முதல் நாளே கரையோரத்தில் சோதித்துப் பாருங்கள். சிலிண்டர் காலியாகும் நேரத்தில், ஐந்து மீட்டரில் அசையாமல் நிற்க முடிந்தால் சரியான எடை.

கடிக்கிற, கொட்டுகிற உயிர்கள்?

ஊதா நிறச் சொறிமுட்டை (ஜெல்லி மீன்) ஒன்று உண்டு, கூட்டமாக வரும். சுள்ளென்று எரியும், ஆனால் பெரும்பாலும் ஆபத்தில்லை. பாறையில் ஊரும் தீப்புழு பார்க்க அழகாக இருக்கும், தொட்டால் கண்ணுக்குத் தெரியாத முட்கள் விரலில் ஏறிவிடும். தேள்மீன் மேல் கை வைத்துவிடாதீர்கள். மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான்: எதையும் தொடாமல், நல்ல மிதப்புக் கட்டுப்பாட்டோடு நீந்துவது.

கொமினோவின் சான்டா மரியா குகைகளில் மீன்களுக்கு ரொட்டி போடும் பழக்கம் உண்டு. பையில் கை விட்டாலே மீன்கள் முகத்தில் வந்து மோதும். படம் நன்றாக வரும், ஆனால் நான் போடுவதில்லை. ரொட்டி அவற்றின் உணவில்லை.

உடல்நலச் சான்றிதழ் வேண்டுமா? ஏதாவது ஆகிவிட்டால்?

இறங்கும் முன் உடல்நலப் படிவம் நிரப்பச் சொல்வார்கள். ஆஸ்துமா, இதய நோய், காது அறுவை சிகிச்சை போன்றவற்றில் ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' என்றால் டாக்டரின் ஒப்புதல் இல்லாமல் இறக்க மாட்டார்கள். ஊரிலேயே டாக்டரிடம் காட்டி, கையெழுத்து வாங்கி வாருங்கள். பொய் எழுதி இறங்குவது உங்கள் உயிரோடு கூட வருகிறவர் உயிரையும் பணயம் வைப்பது.

ஆழத்திலிருந்து மேலே வரும்போது உடலில் வாயுக் குமிழ்கள் உண்டாவதால் வரும் அழுத்தக் குறைவு நோய்க்குச் சிகிச்சை தரும் பிரஷர் சேம்பர் மால்டாவில் மாட்டர் டெய் மருத்துவமனையிலும், கோசோ பொது மருத்துவமனையிலும் இருக்கிறது. அவசர எண் 112. டைவுக்குப் பிறகு மூட்டு வலி, மரத்துப்போதல், தாங்க முடியாத அசதி எது வந்தாலும் "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று விடாதீர்கள்.

விசா, காப்பீடு?

மால்டா 2007 முதல் ஷெங்கன் நாடு. எனவே இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். அதற்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். அந்தக் காப்பீடு டைவிங்கையும் சேர்த்துக்கொள்கிறதா என்று எழுத்தில் பாருங்கள், பல பாலிசிகளில் இருக்காது. இல்லாவிட்டால் டைவர்களுக்கான காப்பீடு தனியாக எடுங்கள்.

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையில் எவ்வளவு நேரம்?

பல நாள் தொடர்ந்து இறங்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம். நான் 24 மணி நேரம் விடுவேன். அந்த நாளை வலெட்டாவில் நடந்து கழிக்கலாம்.

சாப்பாடு?

டைவ் முடித்து நடுங்கிக்கொண்டு வரும்போது சூடாக ஒரு பஸ்திஸ்ஸி. நம் ஊர் பஃப்ஸ் போல அடுக்கடுக்காக உதிரும், உள்ளே ரிக்கோட்டா பாலாடை அல்லது மசித்த பட்டாணி. சைவம் பார்ப்பவர்கள் மாவில் எந்தக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

எனக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே போவது?

காலையில் எழுந்ததும் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். வடமேற்கு என்றால் வீட் இஸ்-ஸுர்ரீ. அட்வான்ஸ்டும் டீப் டைவரும் முடித்திருந்தால் ஃபரூத், இல்லாவிட்டால் அங்கேயே கரையோரப் பாறைகள். தெற்கு அல்லது தென்கிழக்கு என்றால் சிர்கெவ்வா. தென்மேற்கு என்றால் மவோரி. இலை அசையாமல் இருந்தால் எதையும் யோசிக்காமல் கோசோவுக்கு முதல் படகைப் பிடித்து, கூட்டம் வரும் முன்பே ப்ளூ ஹோலில் இறங்கிவிடுங்கள்.